சுதா மடித்த பொட்டலங்கள்

வைகாசி, வெள்ளிக்கிழமை

உடம்பைவிட மனம் அதிகம் களைத்திருக்கிறது. என் வீட்டில் வேலை செய்யும் மல்லிகாவின் மகள் சுதா, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டாள். மறுதேர்வு எழுத விடுவதா, திருப்பூருக்கு வேலைக்கு அனுப்புவதா என்று மல்லிகா இன்று காலை கோயிலில் பூக் கட்டிப் பார்த்தாள். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளைப் பூ வந்தால் தேர்வு, சிவப்பு வந்தால் திருப்பூர். வெள்ளை வந்தது.

மத்தியானம் பாத்திரம் கழுவ வந்த சுதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“பொட்டலம் மடிச்சது நான்தான் பெரியம்மா. ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்.”

“சாமியையே ஏமாத்தினியா?”

“பரிச்ச எழுதப்போறது நானு. சாமிய இன்னாத்துக்குக் கேக்கணும்?”

திட்ட வாயெடுத்தேன். பிறகு அவள் கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தேன்.

சாயங்காலம் மல்லிகா வந்தாள். “இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சே பாக்கலம்மா. அதுல சிவப்புதான இருந்திருக்கும்? அந்தக் கழுதைய நம்ப முடியாது.”

“சிவப்புதான், வேறென்ன?” என்றேன்.

பொய் சொன்னால் முழங்காலில் நிற்கவைக்கும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். இனி அந்தப் பெண் கணக்கில் தேறியே ஆக வேண்டும். மறுபடியும் தோற்றால் மல்லிகா சாமியைத்தான் குறை சொல்வாள். தூக்கம் போகப்போவது எனக்குத்தான்.