சங்கிலியாகிப் போன காசு

அன்பு மகன் ரெனால்டுக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம், ரொறன்ரோக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். லவினாவின் கலியாணப் பேச்சை நான் குழப்பிவிட்டேன், அதனால் எங்கட புறக்கோட்டைக் கடைக்கும் ஆபத்து வந்திருக்கிறது. லவினா எங்கட ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கலஸின் மகள், கொட்டாஞ்சேனையில் தாய் கொன்ஸ்ரன்ஸோடு இருக்கிறாள், பதினைந்து வயது. நிக்கலஸ் செத்த பிறகு தாய் இடியப்பம் அவித்து விற்றுத்தான் சீவியம். ஹெந்தளையிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி வந்து, பதினெட்டு ஆனதும் கலியாண எழுத்து வைக்கலாம், அதுவரை பிள்ளை தங்கட வீட்டில் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று. கொன்ஸ்ரன்ஸை ஏசப் போனேன், ஒரு வயிறு குறையுமே முதலாளி என்றாள்.

ஒன்றரை லட்சத்தை உறையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். எங்கட பழக்கம் உனக்குத் தெரியும்தானே, கொடுக்கிறதுதான், ஏன் எதற்கென்று சொல்லுகிறதில்லை. அவள் நேரே செட்டியார் தெரு நகைக்கடைக்குப் போய்ப் பிள்ளைக்குச் சங்கிலி எடுத்துவிட்டாள். சங்கிலியைக் கண்டதும் அந்தப் பகுதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற நாளையும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. கொன்ஸ்ரன்ஸைக் கேட்டதற்கு, "குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதலாளி உறை தந்தால் நகைக்கில்லாமல் வேறென்னத்துக்கு?" என்றாள். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாளாம். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் இது எனக்குப் படவில்லை மகன், மொத்தமாகக் கொடுத்தால் அது சீதனம், மாதாமாதம் கொடுத்தால்தான் அரிசி. லவினாவைக் கேட்டேன். அங்கே ஓ.எல். சோதனை எழுத விடுவினமோ அங்கிள் என்று அவள் என்னைத்தான் திருப்பிக் கேட்டாள். அன்றைக்கே தாயோடு வேறு கதை பேசி முடித்தேன், அவளும் ஹெந்தளைக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

நான் மாட்டின இடம் அதுதான். மாப்பிள்ளையின் மாமன்தான் எங்கட கடைக் கட்டிடச் சொந்தக்காரன். "யேசுரட்ணம், சாமான் விற்கத்தான் உனக்கு இடம் தந்தனான், ஊரார் பிள்ளை வளர்க்க இல்லை" என்று போனில் சொன்னான். மார்கழியோடு கடை வாடகை ஒப்பந்தம் முடிகிறது. என்ர வாடிக்கை முழுக்க அந்த வாசலோடுதான், வேறு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. தாய்க்குக் கொடுத்த வாக்கிலிருந்து விலகவும் ஏலாது, ஒரு மாதக் காசு தவறினால் ஹெந்தளைக்காரர் பிள்ளையைக் கூட்டிப்போக வாகனத்தோடு வந்து நிற்பார்கள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதே. வாடகை விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, போனில் வாய் விட்டுவிடாதே. ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பேசி முடித்தது இதுதான்: மாதம் பிறந்ததும் கொன்ஸ்ரன்ஸின் கையில் இருபதாயிரம், அரைவாசி நான், அரைவாசி நீ, உன்னைக் கேளாமலே சொல்லிவிட்டேன். அது கடனும் இல்லை, சம்பளமும் இல்லை, லவினா பள்ளிக்கூடம் போகவேண்டும், அவ்வளவுதான். சங்கிலி உன் அம்மாவின் அலுமாரியில் இருக்கும், பதினெட்டு முடிந்ததும் அவளுக்கு. மார்கழிக்குப் பிறகு கடைக்கு வாடகை ஒன்றரை மடங்கு, அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான் எழுதித் தந்திருக்கிறான். லவினாவுக்குப் பதினெட்டாக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

உன் அப்பா,
யேசுரட்ணம்