ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயரில் இருக்கும் விதுரனுக்கு

பலெர்மோ
16.09.1995

அன்புள்ள விதுரன் அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே இருக்கிறோம். நீங்களும் உயிரோடு இருக்கிறீர்கள் என்பது நேற்று முன்தினம்தான் எங்களுக்குத் தெரிந்தது, மிச்சச் சுகத்தையும் முருகன் தர வேண்டும். இந்தக் கடிதத்தை அம்மாதான் எழுதியிருப்பார், ஆனால் பகேரியாவில் தான் வேலை செய்கிற சின்யோரா வீட்டுப் படி கழுவும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டிருக்கிறது, வெட்ட இன்னும் மூன்று கிழமை ஆகும். அதுவரை அந்த வேலைக்கு நான் போகிறேன். அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவர் சொல்ல முடியாமல் நிறுத்தும் இடங்களை நானே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் விட்டு மூன்று வருடம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மா கோவிலில் காண்கிற எல்லோரிடமும் கோலாலம்பூரில் விதுரன் என்று ஒரு பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வியா மக்வேதாத் தெருவிலிருந்து வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இறங்குகிற சந்தில் ஒரு மலேசியச் சாப்பாட்டுக்கடை திறந்திருப்பதாக யாரோ சொல்ல, அவன் அங்கை என்னத்தைத் தின்னுறானோ அதை நானும் ஒருக்காத் தின்னோணும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். வியாழக்கிழமை எனக்கு மத்தியானத்தோடு வேலை முடியும், அன்றைக்கு அழைத்துப் போனேன். ஆறு மேசைதான், பிளாஸ்டிக் விரிப்பு. நடத்துகிறவர் மரியமலர் அக்கா, கிள்ளானில் பிறந்த தமிழ்க் கத்தோலிக்கர், கப்பலில் வேலை செய்த இங்கத்தைய ஆளைக் கலியாணம் செய்து வந்தவர். எங்களைக் கண்டவுடன், சிலோன்காரங்களா, உக்காருங்க லா, பசியாறிட்டுப் போங்க என்றார். பசியாறுறதெண்டால் என்ன பிள்ளை, நாங்கள் பசியோடைதான் வந்தனாங்கள் என்று அம்மா சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நீங்கள் எழுதியிருந்த நாசி லெமாக்கைத்தான் முதலில் கேட்டோம். தேங்காய்ப்பாலில் ரம்பை போட்டு அவித்த சோறு, பொரித்த நெத்தலி, நிலக்கடலை, வெள்ளரிக்காய், சிவந்த சம்பல். அம்மா இடது கையால் கரண்டி பிடித்துத் தின்றபடி, உறைப்புக்குள்ளை ஏன் சீனியைப் போட்டுக் கெடுத்து வைச்சிருக்கிறியள் என்று கேட்டார். மரியமலர் அக்கா விடவில்லை, ஒங்க ஊரு ஆளுங்க மிளகாயைத் தவிர வேற ஒண்ணும் திங்க மாட்டீங்க, நாக்கு செத்துப்போச்சு என்றார். ரொட்டி சானாய் அம்மாவுக்குப் பிடித்தது, பருப்பில் தோய்த்து இரண்டு தின்றார். இவ்வளவு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிறகு செண்டோல் வந்தது. சீவிய ஐசுக்கு மேலே தேங்காய்ப்பாலும் பனங்கட்டிப் பாகும், நடுவில் பச்சை நிறத்தில் மா இழைகள். இதென்னடி பிள்ளை, பச்சைப் புழுவைத் தாறா என்று அம்மா என் காதில் சொன்னார்.

நாங்கள் அதைத் தின்னும்போது மரியமலர் அக்கா எங்கள் மேசையில் வந்து இருந்து கதை சொன்னார். மலேசியாவில் இருக்கும் அவருடைய தங்கை கிளறா, மாதாகோவில் ஆட்களோடு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடுப்பு முகாமுக்குப் போகிறவராம். அங்கே ஒரு சிலோன் பையன், பேர் ஸ்ரனிஸ்லாஸ், கத்தோலிக்கப் பெயர் என்பதால் பூசைக்குக் கூட்டி வந்து இருத்தினார்களாம். சாமியார் நற்கருணை அப்பம் கொடுத்தபோது அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிவிட்டு, பாதியைப் பிய்த்துப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தானாம். சாமியார் வாயைத் தொறந்தவரு மூடவே இல்லியாம் லா, என்றார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிரசாதம் எண்டு நினைச்சிட்டான் போலை, ஆர் பெத்த பிள்ளையோ என்றார்.

அண்ணா, எனக்கு அந்தப் பெயர் தெரியும். மார்ச்சில் சின்யோரா வீட்டுக்கு நீங்கள் போன் எடுத்தபோது, பாஸ்போர்ட்டில் என் பெயர் ஸ்ரனிஸ்லாஸ், ஒருத்தருக்கும் சொல்லாதே, அம்மாவுக்கும் சொல்லாதே, அவ ஊர் முழுக்கக் கதைப்பா என்று சொன்னீர்கள். நான் சத்தியம் செய்தேன். வேறு ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறவாது என்பதும் உங்களுக்குத் தெரியும். மரியமலர் அக்கா சிரிப்பை விட்டு, பாவம்க்கா, காய்ச்சல், காலெல்லாம் புண்ணு, தேடி வர ஆள் இல்ல, இந்த மாசக் கடைசியில கொழும்புக்கு அனுப்புற லிஸ்டுல பேரு இருக்காம் என்றார். அப்போதுதான், அம்மா, அது எங்கடை அண்ணா என்று சொன்னேன். விசர்க்கதை கதையாதை, அவன் சைவப் பிள்ளை, அவனுக்கேன் வேதக்காரற்றை பேர் என்று அம்மா ஏசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் அம்மா கேட்டார். மரியமலர் அக்கா கல்லாவில் இருந்த போனிலேயே கிளறாவை எடுத்துக் கேட்டார். இருக்கிறதாம்.

அம்மா அழவில்லை. கரைந்துபோன செண்டோலைக் கிட்ட இழுத்து, கடைசிவரை குடித்து முடித்தார். வெளியே வந்து சந்து முனையில் எல்லாவற்றையும் சத்தி எடுத்தார். நான் பெத்த பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டன் என்று வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள். இருபத்துநாலாம் திகதி கிளறாவோடு அகதிகள் அலுவலகத்து ஆள் ஒருவரும் வருவார். அவரிடம் உங்கள் சொந்தப் பெயர், அப்பா நகுலேஸ்வரனின் பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கள்ளப் பாஸ்போர்ட் என்று தெரிந்தால் கனகாலம் உள்ளே வைப்பார்கள் என்று நீங்கள் பயப்படுவீர்கள். வைப்பார்கள்தானாம், கிளறாவும் அதை மறைக்கவில்லை. அம்மா சொல்கிறார், உள்ளுக்கை கிடந்தாலும் கிடக்கட்டும், கொழும்பிலை இறங்கினால் எனக்கு அவன் இல்லை. ஆகையால் உங்களைக் கொழும்புக்கு அனுப்புகிற காகிதம் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். இங்கே கூப்பிடலாமா என்று குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் நேற்றுக் கேட்டேன், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மகனை அம்மாவின் பெர்மெஸ்ஸோ அனுமதிப் பத்திரத்தில் எடுக்க முடியாது என்றார்கள். ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை, ஒரு மாதமாக அங்கிருந்து கடிதமே வரவில்லை. புண்ணில் அழுக்குத் துணி கட்டாதீர்கள், ஒருவரோடும் சண்டைக்குப் போகாதீர்கள், பூசைக்குக் கூப்பிட்டால் போங்கள், சாமி குறை நினைக்காது என்று அம்மா எழுதச் சொல்கிறார். சத்தியத்தை மீறியது நான்தான், ஏசுவதாக இருந்தால் என்னை ஏசுங்கள்.

உன்ரை உடம்பிலை ஒரு நகம் நோகாமல் அந்த முருகன் காக்கோணும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். செவ்வாய்க்கிழமை மரியமலர் அக்காவின் கணவர் இதைக் கையில் மலேசியாவுக்குக் கொண்டு போகிறார். உங்களை அதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தால் கடிதத்தைத் திருப்பி எங்களிடம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கடிதம் திரும்பி வருவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொல்கிறார், ஆனாலும் எழுதுகிறேன். சொந்தப் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா.

இப்படிக்கு,
அம்மா ஞானாம்பிகை
(எழுதியது ஜெனனி)