மூன்று அழுத்தமானிகள்

என் அன்பு அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காபி குடிக்கவில்லை, யாரோடும் பேசவில்லை. பிறகு முழங்கைக்கு மேலே ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினேன். நூற்று இருபத்து நான்கு, எழுபத்தெட்டு. தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். “நூத்துக்கு நூத்தி இருபத்தி நாலா? பாஸுதான், என்னைத் தூங்க விடு” என்று புரண்டு படுத்துக்கொண்டார். இங்கே எல்லோரும் நலம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ரத்த அழுத்தம் என்றதுமே நீ பேச்சை மாற்றிவிடுவாய், இல்லாவிட்டால் அழுவாய். கடிதம் என்றால் மடித்து வைத்துவிட்டு மனசு வரும்போது படிக்கலாம். இன்னொன்று, எங்கள் நீரேற்று நிலையக் கட்டுப்பாட்டு அறையின் தலைமைப் பதவியை எனக்குத் தருகிறார்கள். குளிர்ந்த அறை, சுழல் நாற்காலி, எட்டு மணி நேரமும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் இப்போதே இனிப்பு வாங்கி முடித்துவிட்டார்கள்.

எனக்கு மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. திடீரென்று கழுத்திலிருந்து உச்சிவரை காந்தும், சட்டையெல்லாம் நனையும். உனக்குத் தெரியாததா? நீரேற்று நிலையத்தில் ஐந்து மோட்டார்களுக்கு நடுவே நான் கோப்பால் விசிறிக்கொள்ளும்போதெல்லாம் ‘காது’ வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் குழாய்த்தட ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. இரும்புக் கம்பியைக் குழாயின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தே மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். “மோட்டார் ஜில்லுனுதான் இருக்கு மேடம். சூடு உங்க பக்கம்தான்” என்பார்.

நான்கு மாதத்துக்கு முன் அலுவலகத்துக்கு வந்த செவிலியர் எல்லோருக்கும் அழுத்தம் பார்த்தார். எனக்கு நூற்று அறுபத்திரண்டு. எங்கள் தொழிலில் முள் சட்டென்று ஏறினால் குழாயைச் சந்தேகிக்க மாட்டோம், அழுத்தமானியைத்தான் சந்தேகிப்போம். விரலால் தட்டுவோம், சரிவராவிட்டால் வேறு மானியை மாட்டுவோம். அதே புத்திதான் எனக்கும். “உங்க மிஷினை முதல்ல சரி பண்ணுங்கம்மா” என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு வந்தேன். புதுக் கருவி ஒன்று வாங்கினேன், நூற்று ஐம்பத்தெட்டு. பேட்டரியை மாற்றினேன். மருந்துக்கடைக்காரரிடம் இன்னொன்றை இரவல் வாங்கினேன், நூற்று அறுபது. கடைசியில் அதை என் வீட்டுக்காரர் கையில் கட்டினேன். நூற்றுப் பதினெட்டு! “நீ திட்டுறதை வாங்கிக்கிற எனக்கு நார்மல், திட்டுற உனக்கு ஏறியிருக்கு பாரு” என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்று மானிகளும் ஒத்துப்போனால் கோளாறு குழாயில்தான் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

மருத்துவர் என் வயதுப் பெண். “இத்தனை வருஷம் உங்க உடம்புல ஊறின ஹார்மோன் ரத்தக்குழாயை இளக்கமா வெச்சிருந்துச்சுங்க. இப்ப அது குறைஞ்சு போச்சு. குழாய் கொஞ்சம் விறைக்கும், அழுத்தம் ஏறும், கொழுப்பும் கூடும். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுடாதீங்க” என்றார். தினம் ஒரு மாத்திரை, உப்பில் சிக்கனம், கட்டாயம் நடை. அம்மாவைப் பற்றிக் கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து விழுந்தார், வலப்பக்கம் வரவேயில்லை, ஒன்பது வருடம் அக்காதான் சோறூட்டினாள் என்றேன். “அக்காவுக்கு இப்ப பிரஷர் எவ்வளவு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அக்கா.

எங்கே நடப்பது என்று யோசித்து, ‘காது’ தினமும் காலையில் குழாய்த்தடம் பார்க்கப் போகும் சுற்றில் ஒட்டிக்கொண்டேன். நீர்த்தேக்கத்திலிருந்து கடைசித் தொட்டிவரை ஆறு கிலோமீட்டர். முதல் வாரம் மூச்சிரைத்தபடி அவர் பின்னால் ஓடினேன். “மெதுவா வாங்க மேடம், குழாய் எங்கயும் ஓடிடாது” என்றார். ஒரு நாள் கம்பியை என் காதில் வைத்தார். அக்கா, இருபத்தொரு வருடமாகத் தண்ணீர் எனக்கு ஒரு முள்ளின் அசைவு மட்டும்தான். அன்றைக்குத்தான் அது ஓடும் சத்தத்தைக் கேட்டேன். நடுத்தெருவில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “ரோட்டுக்குள்ள யாருங்க ஜோக் சொல்றது?” என்று கேட்டார்.

உனக்கு ஐம்பத்துமூன்று. அம்மா விழுந்த வயதைத் தாண்டிவிட்டாய். உனக்கு ஐம்பத்திரண்டு நடந்த அந்த வருடம் முழுக்க உன் போன் வரும்போதெல்லாம் எடுக்கவே பயந்தேன் என்பது உனக்குத் தெரியாது. அம்மாவை நீ தூக்கிச் சுமந்தாய். பார்க்கப் பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு முறை கையை நீட்டு, அக்கா. எந்த எண் வந்தாலும் எனக்குச் சொல். தனியாக வைத்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் காது வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போகிறார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. திங்கட்கிழமை தலைமைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆறு கிலோமீட்டரை எனக்குத் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். வீட்டில்கூட இதுவரை மூச்சு விடவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நூறு வயதுவரை நீ நடக்க வேண்டும்,
உன் தங்கை