இயந்திரத்துக்கு நீங்கள், உடம்புக்கு நான்

ஜூன் 4

கிணற்றடியில் குடியேறிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "குத்துக்கல் மாதிரி இருக்கேன்" என்று எழுதுவீர்கள். ஆஸ்பத்திரி வார்டிலேயே காலம் தள்ளியவள் நான். அப்படிச் சொன்னவர்களைத்தான் மறுநாள் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "ஆறு மாசம் கிராமத்துல இருந்து பாக்கறேன். பிடிச்சா நீயும் வந்துடு, பிடிக்கலேன்னா நான் திரும்பிடறேன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினீர்கள். குழாய் இல்லை, பாதி நாள் கரண்ட் இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை. இருந்தால்தான் என்ன, லிஃப்ட் மோட்டார் சத்தத்தில் கெட்டுப்போன உங்கள் காதில் போன் பேச்சு ஏறாது. அதனால் இந்த வயதில் காதலர்கள் மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டம்மா கேலி செய்கிறாள்.

மனசு கேட்காமல் நேற்று உங்கள் ஊர்க் கடைக்காரரின் லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். "அண்ணன் ஜோரா இருக்காரும்மா, இப்பத்தான் மேட்டுல சைக்கிளை மிதிச்சிட்டுப் போனார்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தைந்து வயதில் மேட்டில் சைக்கிள் என்ன வேண்டிக்கிடக்கிறது? பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா? கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை.

நான் சௌக்கியம். குழாயைத் திருப்பினால் வெந்நீர். நைட் டியூட்டியில் தேய்ந்துபோன என் முட்டிக்கு அதைவிட நல்ல சொந்தக்காரன் கிடையாது. இதை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

லிஃப்ட் மட்டும் கொஞ்ச நாளாகக் குறும்பு பண்ணுகிறது. தனியாக ஏறி வந்தால் நம் மாடியைத் தாண்டி ஒரு படி உயரத்துக்கு மேலே போய் நிற்கிறது. பார்த்துக் காலை வைக்கிறேன், கவலை வேண்டாம்.

ஏழாவது மாடியிலிருந்து,
உங்கள் நர்ஸம்மா


ஜூன் 9

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தில் பக்கம் பக்கமாக என் உடம்பு. லிஃப்டுக்குக் கடைசியில் இரண்டே வரி. தலைகீழாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அது குறும்பு இல்லை, பிரேக் தேய்ந்துவிட்டது. பெட்டியில் ஆள் குறைந்தால், மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டை கனத்துப் பெட்டியை மேலே இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய பிரேக் வழுக்குகிறது. இன்றைக்கு ஒரு படி உயரம். நாளைக்கு நீ ஒரு காலை வெளியே வைத்திருக்கும்போது பெட்டி நகர்ந்தால்? அடியே, நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதை உனக்கு எழுதமாட்டேன்.

கல்யாணமான புதிதில் நாம் போட்டுக்கொண்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதா? இயந்திர விஷயத்தில் என் பேச்சு, உடம்பு விஷயத்தில் உன் பேச்சு, எதிர்ப்பேச்சு கிடையாது. அந்தச் சட்டப்படி சொல்கிறேன். அந்த லிஃப்டில் கால் வைக்காதே. நம் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் தனியாக எழுதிவிட்டேன், பிரேக்கை மாற்றும்வரை பூட்டிவைக்கச் சொல்லி.

இங்கே சுகம். விடிந்ததும் கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் போட்டால் வெயில் ஏறும்வரை கேட்பாரில்லை. மணி அடித்தால் ஓட வேண்டாம், யாரும் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. வெந்நீரா பெரிய விஷயம்? நீ வா, நான் அடுப்பு மூட்டிப் போட்டுத் தருகிறேன். கிணற்றுச் சுவர் இடுப்பு உயரம், போதுமா?

இன்னொன்று, மறந்துவிட்டேன். இரண்டாவது குடம் இறைக்கும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம், தாடை வரைக்கும் ஏறுகிறது. கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தால் போய்விடுகிறது. வாயுதான். வெந்நீர் குடித்தேன்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்


ஜூன் 14

என்னங்க,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை.

அது வாயு இல்லை. வேலை செய்யும்போது இறுக்கம், உட்கார்ந்தால் குறைவு, தாடைக்கு ஏறுவது. இதற்கு டாக்டர்கூடத் தேவையில்லை, நானே சொல்வேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாயு என்று சொல்லி என் வார்டில் வந்து படுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. எழுந்து போகாதவர்களும் அதில் உண்டு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் குடத்தைத் தொடாதீர்கள். சைக்கிளைத் தொடாதீர்கள். பஸ் ஏறி நேரே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கேகூட வர வேண்டாம்.

முன்பென்றால் நானே கிளம்பி வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். எப்படி வருவேன்? செயலாளர் லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். "லிஃப்ட் சார் சொன்னா அப்பீலே இல்லம்மா" என்கிறார். பிரேக் சாமான் வர ஒரு மாதமாகுமாம். என் முட்டியை வைத்துக்கொண்டு ஏழு மாடி இறங்க முடியுமா? முயற்சி பண்ணினேன். முதல் வளைவிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதிர்வீட்டம்மா கைத்தாங்கலாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். "நாற்காலியோட தூக்கி இறக்கட்டுமாம்மா" என்று காவலாளி கேட்டார். அவரே ஒல்லிக்குச்சி, வேறு வினை வேண்டாம். பரண்மேல் போட்ட பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பூட்டச் சொன்னது நீங்கள். குழாயில் வெந்நீர் கொட்டுகிறது, யாருக்கு வேண்டும் அது?

கடைக்காரருக்கும் போன் போட்டேன். உங்களிடம் கத்திச் சொன்னாராம். "போறேன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனீர்களாம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

உங்கள் சட்டத்தை நான் மீறவில்லை. செயலாளரிடம் அழுது சாவி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அதே சட்டத்தில் என் பாதியை நீங்கள் காப்பாற்றுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் நர்ஸம்மா


ஜூன் 18

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பரண்மேல் பெட்டி என்று எழுதினாயே, அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஏழாவது மாடியில் சிறை வைத்துவிட்டேன்.

பூட்டியவன்தான் திறக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த கூட்டாளி இப்போது லிஃப்ட் சாமான் கடை வைத்திருக்கிறான். நம்ம ஊர்க் கடைக்காரரை விட்டுப் போனில் விசாரித்தேன், நம் பிரேக் அவனிடம் இருக்கிறதாம். ஒரு மாதமெல்லாம் உன்னைக் காக்க வைக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி, அதை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிடுகிறேன். பிறகு இரண்டு பேருமாக அதே லிஃப்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

நீ சொன்னபடி நேரே போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று கேட்டால், பயம். சிரிக்காதே. டாக்டர் வாயசைத்து ஏதோ சொல்வார், எனக்குக் காதில் விழாது, நான் தலையாட்டுவேன். நீ பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால்தான் எனக்குத் தைரியம். நீ இல்லாமல் அந்தக் கட்டிலில் படுக்கமாட்டேன்.

குடம் தூக்கவில்லை, சத்தியமாக. பக்கத்து வீட்டுக்காரர் இறைத்துத் தருகிறார். இருந்தாலும் நேற்று சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு தடவை வந்தது.

உன் லிஃப்ட்காரன்


ஜூன் 22, வெள்ளி
(காவலாளி வசம்)

வந்துவிட்டேன். கீழே இருக்கிறேன். பிரேக் கிடைத்துவிட்டது, புதுசு, அருமையான சாமான்.

பிரேக்கை மாட்ட வேண்டிய மோட்டார் மொட்டைமாடியில் இருப்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கடிதத்தில் எழுதினால் வராதே என்பாய், அதனால் எழுதவில்லை. இரண்டாவது மாடிவரை ஏறினேன். இறுக்கம் வந்தது, இறங்கிவிட்டேன். காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை இறுக்கம் போவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது. போனதும் மாடிக்கு மாடி நின்று நின்று ஏறி வந்துவிடுகிறேன்.

போன் பண்ணாதே, கேட்காது. எழுதி அனுப்பு.


(அதே தாளின் பின்பக்கம்)

ஏறாதீர்கள். ஒரு படிகூட ஏறாதீர்கள்.

"சாருக்கு வேர்த்து ஊத்துதும்மா" என்று காவலாளி மூச்சு வாங்கச் சொன்னார். நீங்கள் எழுதாததை அவர் சொல்லிவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டாகிவிட்டது. இவரிடம் கொடுத்தனுப்பும் ஆஸ்பிரின் மாத்திரையை நன்றாக மென்று விழுங்குங்கள். மேல் பட்டனைக் கழற்றிவிடுங்கள். சாமான் பையைக் கீழே வையுங்கள், அதை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

நான் இறங்கி வருகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறேன். எதிர்வீட்டம்மா கூட வருகிறாள். நேரமாகும். முட்டி கிடக்கட்டும், முட்டி.

நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் ஏறிப் படுத்துவிடுங்கள். நான் இல்லாமல் படுக்கமாட்டேன் என்ற கதையெல்லாம் அவர்களிடம் ஆகாது. டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுங்கள், நான் பின்னாலேயே வந்து என்னவென்று கேட்டு உங்களுக்குக் கத்திச் சொல்கிறேன்.

கிராமமா, ஏழாவது மாடியா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எனக்கு எந்த வெந்நீரும் வேண்டாம். என்னோடு சண்டை போட நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு விஷயத்தில் என் பேச்சு. எதிர்ப்பேச்சு கிடையாது. பேசாமல் உட்கார்ந்து படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருங்கள்.

இறங்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் நர்ஸம்மா