நாகஜோதிக்கு எந்தக் குரூப்

ஈசா டவுன், பஹ்ரைன்

அன்புள்ள அப்பாவுக்கு, பாலகுரு வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே நான் ஏசி பழுதுபார்க்கும் இந்தியப் பள்ளியில், பிளஸ் ஒன் பிள்ளைகளை வேலையாட்களைப் பேட்டி எடுத்துவரச் சொன்னார்கள். அகிலா என்ற பெண் என்னிடம் வந்தாள்.

“அண்ணா, இன்ஜினியரிங்கா படிச்சீங்க? பிடிக்குமான்னு வீட்ல கேட்டாங்களா?”

“கேட்டாங்கம்மா.”

“எங்க வீட்லயும் இப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க.”

இருவரும் சிரித்தோம். பிறகு ஏணியில் ஏறி, கூரைப் பலகையை விலக்கி உள்ளே தலையை விட்டபடி வெகுநேரம் இறங்காமல் நின்றேன்.

தங்கை நாகஜோதியைப் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேளுங்கள். அப்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பேச மாட்டேன். நீங்கள் அப்படிக் கேட்பது ஒருமுறை என் காதில் விழவேண்டும்.

டியூட்டி வேன் வந்துவிட்டது.

பாலகுரு