செவலையின் வயிறு

ஜூன் 3

கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் மாடுகளோடுதான் அதிகம் பழகினேன். நாய், பூனைக்கு ஸ்கேன் பார்க்க இப்போதுதான் கற்கிறேன். ராமநாதபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் சத்யப்பிரியா, கூடப் படித்தவள், சொல்லித் தருகிறாள். இன்று ஈரலை மண்ணீரல் என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அய்யா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால், "நெஞ்சுவலி, வயக்காட்டுலயே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.

ஜூன் 5

செவலை சாப்பிடவில்லை. அய்யாவோடு வயலுக்குப் போய்வந்த நாய். அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. அம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏக்கம் புடிச்சிருச்சு. அதுக்காவது தெரியுது பாரு."

யாருக்குத் தெரியவில்லை? எனக்கா?

ஜூன் 6

அழுகை வரவில்லை. பஸ்ஸில் முயன்றுகூடப் பார்த்தேன்.

ஜூன் 7

செவலை மஞ்சளாக வாந்தி எடுத்தது. தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலை மறித்தாள்.

"விடுடி. அது அய்யாகிட்டப் போகணும்னு கெடக்கு."

விலக்கிவிட்டு வந்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் குடல் காற்றடைத்து உப்பியிருந்தது. எது அடைத்தது என்று தெரியவில்லை. ஸ்கேன் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு சத்யப்பிரியா ஒதுங்கி நின்றாள். திரையில் குடலைத் தொடர்ந்தே போனேன். ஓரிடத்தில் வில்போல் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று நிழல்.

"நிப்பாட்டு. அதான்."

மாலையே அறுத்தோம். மாங்கொட்டை. கருமாதிப் பந்தியில் மாம்பழம் போட்டோமே — குப்பையில் கிடந்ததை விழுங்கியிருக்கும். இத்தனை நாள் இரைப்பையில் கிடந்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

ஜூன் 8

அம்மாவிடம் சொன்னேன். அய்யாவின் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப அய்யாவுக்காக இல்லையா" என்றாள். பிழைத்ததே என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 12

கஞ்சி குடித்தது.

ஜூன் 16

புதுமடத்திலிருந்து ஒரு சினைப்பூனை. தனியாகவே ஸ்கேன் பார்த்தேன். எல்லாக் குட்டிகளுக்கும் துடிப்பு இருந்தது. சரி என்று எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள். "நீ அய்யாவுக்கு அழுதியாடி?"

இல்லை என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கும் வரல தாயி. ஊரு பாக்குதேன்னு கத்துனேன். நமக்குத்தான் வரல, நாய்க்காச்சும் வந்துச்சேன்னு இருந்தேன்."

குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். எனக்கும் ஊற்றினாள்.