பத்தொன்பதாம் விதி

பெரக்கரை நாடு, கொல்லிமலை
12.6.1997

அன்புள்ள அர்த்தனாரிக்கு,

குழந்தைசாமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாமக்கல்லில் உன் கல்லூரி எப்படி இருக்கிறது? நீ மலை ஏறி மூன்று வருடம் ஆகிறது. "அந்தண்ணன் கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்துக்கிட்டாருங்களா?" என்று வீட்டில் பாவாயி சிரிக்கிறாள்.

ஒரு உதவி வேண்டும். மிளகு விவசாயிகள் சங்கத்தை மூன்றாவது முறையாகத் தொடங்குகிறோம். முதல் சங்கத்தைத் தலைவர் தன் வீட்டுச் சொத்தாக்கினார். இரண்டாவதில், ஏலத்துக்கு முன்பே ஆளாளுக்கு வியாபாரியிடம் ரகசியமாக விற்றுவிட்டார்கள். எங்கள் ஊர்களெல்லாம் கூடுகிற நாட்டுக்கூட்டத்தில் கடைசி ஆளும் சரி என்று சொல்லும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. கோவில் காரியத்துக்கு அது போதும். இதற்கு எழுத்தில் விதி வேண்டும் என்கிறார்கள். எங்கள் காலத்துக்குப் பிறகும் நிற்கிற மாதிரி எழுதிக் கொடு.

உன்,
குழந்தைசாமி


நாமக்கல்
2.7.1997

அன்புள்ள குழந்தைசாமிக்கு,

சட்டவிதிகளை இணைத்திருக்கிறேன். பதிவுக்கு வேண்டிய ஏழு கையெழுத்தில் ஒன்றாக நானும் போட்டிருக்கிறேன், எழுதியவன் பெயரும் அதில் இருக்கட்டும். பல நாட்டு அரசியல் சாசனங்களை இருபது வருடம் பாடம் நடத்தியவனைத் துறைத்தலைவராக்க இந்தக் கல்லூரிக்கு மனமில்லை. உங்கள் மிளகுச் சாக்குக்காவது என் படிப்பு உதவட்டும்.

தலைவர் பதவி மூன்று வருடம், மறுமுறை கிடையாது. ரகசிய ஓட்டு. ஓட்டு வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று, பாவாயிக்கும் உண்டு.

பத்தொன்பதாம் விதியைக் கவனி. ஏலத்துக்கு முன் வெளியாருக்கு ஒரு படி மிளகு கொடுத்தாலும் அந்தக் குடும்பம் நிரந்தரமாக விலக்கப்படும். இருபதாவது: எல்லோரும் ஒரே குரலில் கேட்டாலும் பத்தொன்பதைத் திருத்த முடியாது. 'கடைசி ஆளும் சரி என்றால் சரி' என்கிற உங்கள் வழக்கம்தான் ஓட்டை. ஒருவன் அழுதால் நூறு பேரும் இளகுவீர்கள். நான் படித்த சாசனங்களில் பாதி, இரக்கத்தால்தான் செத்தன. மன்னிப்புக்கென்று ஒரு விதி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

பாவாயியிடம் சொல், எனக்குப் பயம் வளைவில் இல்லை, அவள் கிண்டும் களியில்.

அன்புடன்,
அர்த்தனாரி


பெரக்கரை நாடு
5.3.2000

அன்புள்ள அர்த்தனாரிக்கு,

உன் விதிகளை வைத்து இரண்டு ஏலம் நன்றாக நடத்தினோம். போன வருடம் ராசப்பன் மகள் காதுகுத்துக்காக இரண்டு படி மிளகை விற்றுவிட்டான். தலைவராக நின்று பத்தொன்பதை வாசித்தவன் நான்தான். காலில் விழ வந்தான், காகிதத்தைக் காட்டினேன். சங்கத்துக் களமும் ஏலமும் இல்லாமல் அவன் இப்போது கூலிக்குப் போகிறான்.

இன்றைக்கு என் வீடு. போன மாதம் பாவாயி ரத்தமாக வாந்தி எடுத்தாள். பஸ் போய்விட்டிருந்தது. சேந்தமங்கலம் வியாபாரி அப்துல் சுக்கூர் பாயின் லாரி ரோட்டில் நின்றது. "ஏத்துங்க, பேசிட்டு நிக்க நேரமில்லீங்க" என்று அவரே கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து விட்டபோது என் மகன் யுவராஜ் ஒரு சாக்கு மிளகை லாரியில் ஏற்றிவிட்டான். "அம்மாவ உசுரோட கொண்டாந்தவர வெறுங்கையோட அனுப்புறதாப்பா?" என்கிறான். நானும் தடுக்கவில்லை.

கூட்டத்தில் எல்லோரும் விட்டுவிடலாம் என்றார்கள். வேலிக்கு வெளியே நின்ற ராசப்பனே, "அண்ணன உட்ருங்க, என்னைய மாதிரி ஆக்கிப் போடாதீங்க" என்று கத்தினான். ஆனால் இருபதாம் விதி இருக்கிறதே. எழுதியவன் நீ. ஏதாவது ஒரு வழி சொல். சங்கத்தை விட்டால் இந்த மலையில் நான் யாரென்றே எனக்குத் தெரியாது.

குழந்தைசாமி


நாமக்கல்
14.3.2000

குழந்தைசாமிக்கு,

வழி இல்லை. இருக்கக் கூடாதென்றுதானே எழுதினேன்? 'விற்றாலும்' என்று போடாமல் 'கொடுத்தாலும்' என்று போட்டதே, நன்றிக்குக் கொடுத்தேன் என்று ஒருவன் வந்து நிற்பான் என்பதால்தான். அது நீயாக இருப்பாய் என்று நினைக்கவில்லை. வருத்தமும் இல்லை.

1974இல் விடுதிச் செயலாளர் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றேன். என் அறையில் படுத்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் எதிராளிக்கு ஓட்டுப் போட்டதை நீயே பிறகு ஒருநாள் சிரித்தபடி சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன். இருபத்தாறு வருடம் ஆகியும் அது செரிக்கவில்லை.

ராசப்பனுக்கு வாசித்த அதே குரலில் உனக்கும் வாசித்துக்கொள். மகன் செய்தான், மனைவிக்கு முடியவில்லை என்று கெஞ்சாதே. படிக்கவே அருவருப்பாக இருக்கிறது.

அர்த்தனாரி


பெரக்கரை நாடு
20.4.2000

அர்த்தனாரிக்கு,

உன் கடிதத்தை என் மகள் கலைச்செல்வி கூட்டத்தில் ஒரு வரி விடாமல் வாசித்தாள். பிறகு எங்கள் வீட்டுப் பெயர்கள் நான்கையும் நானே அடித்தேன்.

உனக்கு ஏன் ஓட்டுப் போடவில்லை என்று நீ கேட்டதே இல்லை. மீந்த சோற்றை வீட்டுக்கு எடுத்துப் போன விடுதிச் சமையல்காரரை முதல் நாளே துரத்துவேன் என்று மேடையில் பேசினாய். அவருக்கு நான்கு பிள்ளைகள். இன்றைக்குத் தேர்தல் வைத்தாலும் அப்படித்தான் போடுவேன்.

பெயரை அடித்த பிறகும் கூட்டம் எழுந்திருக்கவில்லை. வேலியில் சாய்ந்து நின்ற பாவாயிதான் கேட்டாள்: "திருத்தத்தானுங்க கூடாதுன்னு எழுதியிருக்குது? எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு எழுதலீங்களே?" கடைசி ஆளும் சரி என்றான். மலையில் மீதி இருந்த நூற்று முப்பத்தெட்டுப் பேரும் ராஜினாமா எழுதித் துணைத்தலைவர் காளியண்ணனிடம் கொடுத்தார்கள். கடைசியாக, தலைவர் இடத்தில் இருந்து தன் ராஜினாமாவையும் தானே ஏற்று அவரும் விலகினார்.

மறுநாள் புதுச் சங்கம் தொடங்கினோம். முதல் உறுப்பினர் ராசப்பன். கலைச்செல்வி விதி எழுதினாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா விதிகளையும் வாசித்து, இது இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். அதுதான் முதல் விதி.

பழைய சங்கம் அப்படியே இருக்கிறது. பதிவுக்கு ஏழு பேர் வேண்டுமென்று அன்று ஏழாவதாக நீ கையெழுத்துப் போட்டாய். அந்தப் பெயர் மட்டும் பதிவேட்டில் மிச்சம். உன் விதிப்படி, நீ விலகுவதென்றால் தலைவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சங்கத்தைக் கலைப்பதென்றாலும் தலைவர்தான் கூட்டம் கூட்ட வேண்டும். தலைவரும் இல்லை, துணைத்தலைவரும் இல்லை.

பதிவேடும் முத்திரையும் பார்சலில் வருகின்றன. வாங்கிக்கொள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

குழந்தைசாமி